ஒரு வாரம் காத்திருக்க வைத்த கருப்பு

தமிழ்ச் சின்னத்திரையின் அமானுஷ்யக் கதைகளைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும், ஐந்து நிமிடத்துக்குள் ‘விடாது கருப்பு’க்கு வந்துவிடுகிறார்கள். சந்தாபுராவிலும் அப்படித்தான். ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டி, ஆனேக்கல்லுக்குப் பிரியும் சர்க்கிளைச் சுற்றிப் பெருத்திருக்கும் ஊர் இது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் தர்மபுரி அக்கா ஒருநாள் சொன்னார்: “அப்பல்லாம் அந்தக் குதிரைச் சத்தம் கேட்டா ராத்திரி கொல்லைப்பக்கம் போக மாட்டோம் சார். போன மாசம் போன்ல முழுசா பார்த்துட்டேன். என்னமோ, பயமே வரல.”

வயதாகிவிட்டது, கிராஃபிக்ஸ் பார்த்துப் பழகிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அக்கா பார்த்த தொடரில் முக்கியமான ஒன்று வெட்டப்பட்டிருந்தது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே இருந்த ஒரு வாரம்தான் அது.

தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் வந்த ‘மர்மதேசம்’ என்ற பொதுத்தலைப்பின் கீழ் பல தனித்தனிக் கதைகள் ஒளிபரப்பாயின. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என்று வரிசை போகும். ஆட்களும் ஊரும் கதைக்குக் கதை மாறுவார்கள். இன்றைக்கு இதை ஆந்தாலஜி என்கிறார்கள். தயாரிப்பு, கே. பாலசந்தரின் குடும்ப நிறுவனமான மின்பிம்பங்கள். அதை முன்னின்று நடத்தியவர் அவருடைய மகன் பாலகைலாசம். ஆவணப்படக்காரர், சிற்ப மரபைப் பற்றி ‘வாஸ்து மரபு’ என்ற படம் எடுத்தவர். கோயில், கல், ஸ்தபதி என்று யோசித்துப் பழகிய ஒருவரின் நிறுவனத்திலிருந்து நவபாஷாண லிங்கத்தைப் பற்றிய ‘ரகசியம்’ வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2014 ஆகஸ்டில் அவர் காலமானார். அதே வருடம் டிசம்பரில் தந்தையும் போனார்.

இந்தத் தொடர்களுக்கு முகம் கொடுத்தவர்கள் இரண்டு பேர்: எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்குநர் நாகா. ‘ரகசிய’த்துக்கு ‘ரகசியமாக ஒரு ரகசியம்’ என்ற நாவலும், ‘விடாது கருப்பு’க்கு ‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலும் மூலம். தொடர்கதைக்காரரின் கை எப்படிப்பட்டது என்று பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கதவு திறக்கும். யார் என்று சொல்லாமல் ‘தொடரும்’ போட்டுவிடுவார். அடுத்த இதழ் வரும்வரை வாசகர் தன் வீட்டில், தன் திண்ணையில், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து கதையை எழுதிக்கொண்டிருப்பார். நாகா செய்த பெரிய காரியம், இந்தத் திண்ணைப் பேச்சைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்ததுதான். ‘விடாது கருப்’பில் சிறுவனின் கதையும் வளர்ந்தவனின் கதையும் மாறி மாறி வரும். இந்த வாரம் சிறுவன் பார்த்த ஒன்றுக்கு எத்தனையோ வாரம் கழித்து வளர்ந்தவனின் பக்கத்தில் பதில் வரும். இரவு, குளம்படி ஓசை, குதிரைமேல் ஓர் உருவம், ஓங்கிய அரிவாள். காட்டியது இவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பேசிப் பேசிச் சேர்த்துக்கொண்டது.

(சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜ வாழ்க்கையிலும் ஜோடியானது இந்தத் தொடரின் உபயம் என்பதைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுதினால் எங்கள் தெருவில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.)

இனி வருவது முடிவைப் பற்றியது. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி வெட்டுகிறார் என்று ஊர் நம்புகிறது. கடைசியில் வைத்தியம் வருகிறது: சிறுவயதில் மனதில் விழுந்த காயம், ஒரே உடம்புக்குள் பிளவுபட்ட இரண்டு ஆட்கள். கொலைகளுக்குக் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் சாமி பொய் என்று தொடர் எங்கேயும் சொல்வதில்லை. அந்தப் பிளவுக்குக் கருப்பு என்று பெயர் வந்தது ஊரின் நம்பிக்கையிலிருந்துதானே? சாமி கும்பிடுகிறவர்களும் மனநல மருத்துவத்தை நம்புகிறவர்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, இரண்டு பேருமே தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு எழுந்து போன முடிவு அது. நழுவல் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகவே படுகிறது. இரண்டு விளக்கத்துக்கும் நியாயம் செய்யப் பல மாத அவகாசம் இருந்ததால்தான் அது முடிந்தது.

அவகாசம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ‘ட்விலைட் ஸோன்’ சாட்சி. 1959 முதல் 1964 வரை ராட் ஸெர்லிங் நடத்திய தொடர். 156 பகுதிகள், அதில் 92 அவரே எழுதியவை. ஒவ்வொரு பகுதியும் அன்றைக்கே முடிந்துவிடும். 1963 அக்டோபரில் வந்த ‘நைட்மேர் அட் 20,000 ஃபீட்’ பலருக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர் ரிச்சர்ட் மாதிசன், இயக்கியவர் ரிச்சர்ட் டானர், நடித்தவர் வில்லியம் ஷாட்னர். மனநல விடுதியிலிருந்து வீடு திரும்புகிற ஒருவன் விமானத்தின் இறக்கைமேல் ஏதோ ஒரு ஜந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. கடைசியில் அவனைக் கட்டிப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பிறகு கேமரா மெல்ல நகர்ந்து இறக்கையைக் காட்டுகிறது: தகடு பிய்ந்து கிடக்கிறது.

அங்கே வைத்தியர் முதலில் வருகிறார், பேய் கடைசியில். ‘விடாது கருப்’பில் சாமி முதலில், வைத்தியர் கடைசியில். அரை மணிக்குள் முடிக்க வேண்டியவனுக்குக் கடைசி அடி ஒன்று தேவை. அதனால் அறிவின் விளக்கத்தை முதலில் கொடுத்துவிட்டு, அதைக் கடைசிக் காட்சியில் உடைக்கிறான். வாரக்கணக்கில் கதை சொல்கிறவனுக்கு அந்த அவசரம் இல்லை. நம்பிக்கையை வளரவிட்டுவிட்டு விளக்கத்துக்கு வருகிறான். யார் அதிகம் பகுத்தறிவுக்காரர் என்று இதை வைத்து எடைபோடுகிறவர்கள், ஒளிபரப்பு நேரம் என்ற ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

அன்றைக்கே முடியும் அமானுஷ்யக் கதை நமக்குப் புதிதில்லை. அதற்கு ஒரு தொகுப்பாளரும் இருந்தார், மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், விக்கிரமாதித்தன் வாய் திறந்ததும் மரமேறிவிடும். ‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் — தோளில் பிணம், கையில் வாள் — பல தலைமுறைகளின் கண்ணில் இருக்கிறது. 1985இல் ராமானந்த சாகர் இந்த வேதாளக் கதைகளைத் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். இந்திக்காரர்கள் அப்புறம் வேறு பாதையில் போனார்கள்: 1993இல் ராம்சே சகோதரர்களின் ‘ஜீ ஹாரர் ஷோ’, 1995இல் பி.பி. சிங்கின் ‘ஆஹட்’. முகமூடியும் புகையும் அதிகம். இங்கே நின்று பேச அதிகம் இல்லை.

நின்று பேச வேண்டிய பகுதி கர்நாடகத்தில் எடுக்கப்பட்ட ஒரு தொடரில் இருக்கிறது. அதைப் பேய்த்தொடர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்.கே. நாராயணின் ‘மால்குடி டேஸ்’. எண்பதுகளின் பிற்பாதியில் ஷங்கர் நாக் ஆகும்பேயில் போய் எடுத்தது. இசை நம் எல். வைத்தியநாதன், ஓவியம் ஆர்.கே. லக்ஷ்மண். அதில் ‘ஓல்ட் மேன் ஆஃப் த டெம்பிள்’ என்ற கதையும் உண்டு. இரவு நேரம், ஆளில்லாத சாலை. டாஸ் என்கிற டிரைவர் திடீரென்று வண்டியை ஒடிக்கிறான். குறுக்கே ஒரு கிழவர் வந்தார் என்கிறான். பின்னால் இருப்பவர் யாரையும் பார்க்கவில்லை. குடித்திருக்கிறானோ என்றுதான் முதல் சந்தேகம். பிறகு அவன் குரல் மாறுகிறது. பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் கோயிலைக் கட்டிய கிருஷ்ண பட்டர் நான் என்கிறான். தன் காலத்து மன்னன் நலமா என்கிற தோரணையில் பேசுகிறான். பின்னால் இருப்பவர் மந்திரவாதியைத் தேடி ஓடவில்லை. நீங்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்று அந்தக் கிழவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் புரியவைக்கிறார். இரவானால் அந்தப் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அதற்குப் பிறகு ஓய்ந்துவிடுகிறது.

இந்தியத் தொலைக்காட்சிக்கு வந்த பேய்களிலேயே மரியாதையாக நடத்தப்பட்டது இந்தக் கிழவர்தான் என்பேன். சாமியும் ஜெயிக்கவில்லை, வைத்தியரும் ஜெயிக்கவில்லை, பேச்சுவார்த்தை ஜெயித்தது. ஷங்கர் நாக் 1990 செப்டம்பர் 30 அன்று சாலை விபத்தில் இறந்தபோது வயது நாற்பதைத் தொடவில்லை. இருந்திருந்தால் இந்த ஜாதியில் இன்னும் சில எடுத்திருப்பார் என்ற ஆதங்கம் கன்னடக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை.

கதவைத் தட்டும் பேய் பெங்களூரை அதோடு விடவில்லை. தொண்ணூறுகளில் இந்தப் பக்கமெல்லாம் ஒரு வதந்தி. இரவில் ஒருத்தி வந்து, தெரிந்தவர்களின் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுகிறாள், திறந்தால் உயிர் போகும் என்று. கதவிலே ‘நாளே பா’ என்று எழுதி வைத்தார்கள். நாளைக்கு வா என்று படித்துவிட்டு அவள் போய்விடுவாள், மறுநாளும் வந்து அதையே படிப்பாள். 2018இல் வந்த ‘ஸ்த்ரீ’ இந்திப் படத்துக்கு இதுதான் விதை. எழுத்தாளரும் இயக்குநரும் இல்லாமலே ஊர் சேர்ந்து எடுத்த தொடர் அது. ‘தொடரும்’ போட்டது கதவுக்காரர்கள்.

2000க்குப் பிறகு தினசரித் தொடர்கள் வாரத் தொடரை விழுங்கின. நாகா ‘சிதம்பர ரகசிய’த்தில் நாடி ஜோதிடத்தை வைத்து இன்னொரு நல்ல முயற்சி செய்தார்; 2010இல் ‘ஆனந்தபுரத்து வீடு’ படத்தில் செத்துப்போன தாய் தகப்பனையே பிள்ளைக்குக் காவலாக நிறுத்தினார். சின்னத்திரையின் பொதுப்போக்கு மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. 2017இல் சுந்தர் சி. தயாரித்த ‘நந்தினி’ வந்தபோது எங்கள் கட்டடத்தில் ஒரு வேடிக்கை. தமிழ் வீட்டில் சன் டிவியிலும், எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தில் உதயா டிவியிலும் அதே பாம்பு சீறிக்கொண்டிருந்தது. தெலுங்கு, மலையாளத்திலும் அது போனது. நான்கு மொழிக்கும் பொதுவான சாமி வேண்டுமானால் ஊர், எல்லை, பெயர், பலி எல்லாவற்றையும் கழித்துவிடத்தான் வேண்டும். கருப்புக்கு ஒரு கிராமம் இருந்தது. நந்தினிக்கு இருந்தது ஒரு பங்களா.

ஓடிடி வந்த பிறகு அரை மணிக்கதை திரும்பியது. 2021 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நவரசா’வில் பயத்துக்கு ஒதுக்கப்பட்டது ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கிய ‘இன்மை’. மணிரத்னமும் ஜெயேந்திராவும் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பு. கொரோனாவில் வேலை இழந்த திரைத் தொழிலாளர்களுக்கு உதவ எடுக்கப்பட்டது. வசதியான வீட்டுப் பெண்ணாகப் பார்வதி திருவோத்து, அவளைத் தேடி வருகிறவனாக சித்தார்த், நடுவே பழைய குற்றம் ஒன்றும் ஜின்னும். நடிப்பில் குறையில்லை, பார்வதியின் முகத்தில் சந்தேகம் மெதுவாக ஏறும் இடங்கள் அருமை. ஆனால் ஜின் யார், குற்றம் என்ன, தண்டனை எது என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள்ளேயே பதில் வந்துவிடுகிறது. பார்க்கிறவர் தனக்குள் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வியும் மிச்சமில்லை. சிறிய வடிவத்தில் அதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’யில் செய்திருக்கிறார். வீட்டுக்குள் வந்த வேலைக்காரி பேயா, கதாசிரியனின் மனமயக்கமா என்று கடைசிவரை தீர்ப்பு எழுதாமலே விட்டார். அதற்குத் துணிந்த ஒரு தமிழ்த் தொலைக்காட்சிப் பகுதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

2024 நவம்பர் 10 அன்று இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அன்று பலரும் முதலில் நினைத்துக்கொண்டது அவருடைய நாவல்களை அல்ல, கருப்பைத்தான். தொடர் யூடியூபில் கிடைக்கிறது. இதுவரை பார்க்காதவர்களுக்கும், மறுபடி பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்துப் பகுதிகளை ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று பாருங்கள். நடுவில் வீட்டில் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசுங்கள். அப்புறமும் பயம் வரவில்லை என்றால் தொடரைக் குறை சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.