சாட்சியும் ஆறுதலும்

யூத இனப்படுகொலைக் காலத்தின் இறைநம்பிக்கையையும் துணிவையும் சொல்லும் நூல்களில், கோரி டென் பூமின் 'தி ஹைடிங் பிளேஸ்' (1971) அளவுக்குப் பரவியவை மிகச் சில. ஹாலந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்த அவருடைய கிறிஸ்தவக் குடும்பம் யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்த வரலாறு அது. படிப்பவர் நெஞ்சை அது உருக்கும் என்பதில் ஐயமில்லை. அது காட்டும் நம்பிக்கை, உயிர் பிழைக்காதவர்கள் முன்னிலையிலும் தாங்குமா என்பதே என் கேள்வி.

துணிவைப் பற்றிய பகுதிகள் தாங்குகின்றன. கோரியின் படுக்கையறையில் எழுப்பிய போலிச் சுவர், கள்ளத்தனமாகப் பெற்ற ரேஷன் அட்டைகள், மணியடித்ததும் ஓடி ஒளியும் ஒத்திகை என்று வீரம் இங்கே அன்றாட வீட்டு வேலையாகிறது. 1944 பிப்ரவரி 28 அன்று நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ வீட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் சுவருக்குப் பின்னிருந்த ஆறு பேர் அகப்படவில்லை. குடும்பத்தைக் கைது செய்தபின், இனித் தொல்லை தரமாட்டேன் என்றால் விட்டுவிடுகிறோம் என்கிறார்கள், கோரியின் தந்தை காஸ்பரிடம். நாளைக்கே கதவைத் தட்டுபவருக்கும் திறப்பேன் என்கிறார் அந்த 84 வயது முதியவர். பத்தே நாளில் காவலில் இறந்துபோகிறார். இந்தப் பக்கங்களுக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

கோரியும் அக்காவும் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்குள் போனதும் நூல் தடுமாறுகிறது. கொட்டடியில் மொய்த்த தெள்ளுப்பூச்சிகளுக்காகவும் கடவுளுக்கு நன்றி சொல்கிறார் அக்கா பெட்ஸி. பூச்சிக்கு அஞ்சிக் காவலர்கள் உள்ளே வராததால் பைபிள் வாசிக்க முடிந்தது என்று பின்னர் தெரிகிறது. 1944 டிசம்பரில் பெட்ஸி அங்கேயே மடிகிறார். சில நாட்களில், அலுவலகப் பிழை ஒன்றால் கோரி விடுதலையாகிறார். அவர் வயதுப் பெண்கள் அடுத்த வாரமே கொல்லப்பட்டதாக அவரே சொல்கிறார். அந்தப் பிழை இறைவன் செயல் என்றால், அந்தப் பெண்களின் சாவு யார் செயல்? நூல் இதைக் கேட்பதில்லை.

வதைமுகாமிலிருந்து மீண்ட எழுத்தாளர் ப்ரீமோ லெவி அதைக் கேட்டார். சாவுக்கு ஆள் பொறுக்கும் நாளில் தப்பிய முதியவர் ஒருவர் உரக்கப் பிரார்த்திக்கிறார். சாகப்போகும் இருபது வயது இளைஞன் பக்கத்திலேயே கிடக்கிறான். 1947இல் வெளிவந்த நூலில், அந்தப் பிரார்த்தனையை லெவி ஏற்க மறுக்கிறார். அவரைப் போலவே முகாமிலிருந்து மீண்ட எலி வீசலின் 'நைட்' இன்னும் ஆழம் போகிறது. புகென்வால்ட் முகாமில் தந்தை அழைத்தபோது பதில் கொடுக்காத மகனாகத் தன்னையே அவர் காட்டுகிறார். கடவுளோடு வழக்காடியும் விடை கிடைத்ததாகப் பாசாங்கு செய்வதில்லை.

கோரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1947இல் மியூனிக்கில் பழைய முகாம் காவலர் கை நீட்டியபோது, மன்னிக்கத் தன்னிடம் வலுவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார்; பின்னரே மன்னிக்கிறார். நூலின் மிக நேர்மையான இடம் அது. ஆனால் அவர் மன்னித்தது தனக்கும் அக்காவுக்கும் இழைத்ததை. கொல்லப்பட்ட யூதர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை அவருக்கும் இல்லை, அவரைப் படித்து நெகிழும் நமக்கும் இல்லை.

அண்டை வீட்டாரின் கடமையைச் சொல்லும் சாட்சியாக 'தி ஹைடிங் பிளேஸ்' முதல் வரிசை நூல். துன்பத்துக்கு விளக்கம் சொல்லும் நூலாக அது போதாது. இளைஞர்களுக்கு அதைப் பரிசளிப்பவர்கள், கூடவே 'நைட்' நூலையும் கொடுக்க வேண்டும்.