‘7ஆம் அறிவு’: அறிவிப்பாளர் வரிசை எங்கே?

புலித்தேவரின் கோட்டை நின்ற வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகளுக்கு வீரக்கதைகளில் குறைவில்லை. ஆயினும் 2011இல் வெளிவந்த ஏ.ஆர்.முருகதாஸின் ‘7ஆம் அறிவு’ படத்தைத் தொலைக்காட்சியில் கண்டுவிட்டு, “ஹஜ்ரத், குங்ஃபூ நம்ம தமிழர் கொடுத்ததுதானே?” என்று மாணவனொருவன் வினவினான்.

படத்தின் தொடக்கப் பகுதி சிறப்பானதென்பதை மறைக்க வேண்டியதில்லை. பல்லவ இளவரசர் போதிதர்மராகச் சூர்யா சீனம் செல்கிறார்; நோய் தீர்க்கிறார்; போர்க்கலை பயிற்றுகிறார். பேச்சு குறைவு, உடலே பேசுகிறது. எனினும், ஹதீஸ் படித்தவன் செய்தியின் இனிமையில் மயங்கலாகாது. அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று இஸ்னாதைத் தேட வேண்டும்.

தேடினால் கிடைப்பது இது. போதிதர்மரைக் குறிக்கும் பழைய சீன நூலை 547இல் யாங் சுவான்ஷி எழுதினார். அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தான்லின் என்பாரோ தென்னிந்திய மன்னரின் மூன்றாம் மகன் என்கிறார். இரண்டிலும் குங்ஃபூ இல்லை. அவரைப் பயிற்சிமுறையோடு இணைப்பது ‘யிஜின் ஜிங்’. அது 1624ஐ ஒட்டி எழுந்த நூல். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி! அதை நிரப்ப எழுதப்பட்ட பழைய தேதியிட்ட முன்னுரையில், நூலைக் கைமாற்றியவராக வருபவர் ஒரு கதைமாந்தர். யாரென்றே அறியப்படாத அறிவிப்பாளரையே நம் இமாம்கள் ஏற்கத் தயங்கினர்; இங்கே பிறக்கவேயில்லாதவர் அறிவிக்கிறார்! 1930களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இதைப் புரட்டென்று காட்டிவிட்டார்.

இதனினும் என்னை உறுத்துவது வேறு. பிற்பகுதியில் சீனர் நோய்க்கிருமி பரப்பும் சதிகாரராகிறார். ஓரினம் முழுவதும் திரையில் வில்லனாக்கப்படும்போது அவ்வினத்துப் பிள்ளை எப்படிக் கூசுமென்பதை நாம் பிறர் சொல்லி அறிய வேண்டுமோ? அந்தச் சீனத்திலேதான் வாங் ஸிபிங் (1881–1973) பிறந்தார். சாங்ஜோவைச் சேர்ந்த ஹுய் முஸ்லிம். 1928இல் நான்ஜிங்கின் மத்தியப் போர்க்கலைக் கழகத்தில் ஷாவ்லின் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். ‘சாசுவான்’ என்னும் முறையை அங்குள்ள முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்துள்ளனர்.

வினவிய மாணவனிடம் இவ்வளவையும் சொன்னேன். சற்று முகம் வாடினான். பிறகு, “நம்ம சிலம்பத்துக்கு இஸ்னாத் இருக்கா ஹஜ்ரத்?” என்றான். ஊரிலுள்ள வாத்தியார்களிடம் அவரவர் வாத்தியார் பெயரைக் கேட்டு எழுதி வா என்று ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன்.