கத்தோலிக்க வாழ்வில் மாறாததும் மாறுவதும்: ஒரு சமணன் பார்வை

அசோகா ரோட்டில் என் பாத்திரக் கடை வாசலில் நின்றால் பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரியும். ஜைனன் என்றதும் இந்த ஊரில் ‘சேட்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சேட்டு அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, தாய்மொழி தமிழ். படிப்பெல்லாம் கடை மூடிய பிறகுதான். கத்தோலிக்கரைப் பற்றி எழுத உமக்கென்ன தகுதி என்று கேட்டால், அவர்களுக்குக் குத்துவிளக்கு விற்ற தகுதி என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்க் கத்தோலிக்க டீச்சரம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்கு விளக்கு வாங்க மாமியாரோடு வந்தார். அடியும் தண்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். உச்சியில் திருகி மாட்டுவது மட்டும் இந்துக்களுக்கு அன்னம், இவர்களுக்குச் சிலுவை. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. “எங்க காலத்துல மெழுகுவத்திதான். இதெல்லாம் நம்ம வழக்கமா?” என்றார். “விசுவாசம் மாறாது அத்தை, வழக்கம்தான் மாறும்” என்றார் டீச்சர். விளக்கு விற்றுவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. கத்தோலிக்க நண்பர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். சரிதானா என்று பார்ப்போம்.

பெரும்பகுதி சரிதான். நற்கருணை வாங்குமுன் பட்டினி கிடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் (விரதம் என்றால் எங்களுக்குத் தனி ஆர்வம்). முன்பெல்லாம் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் கூடாது. 1953-இல் தண்ணீருக்கு விலக்கு வந்தது. 1957-இல் மூன்று மணி நேரம் போதும் என்றானது. 1964-இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. இலத்தீன் பூசை தமிழுக்கும் கன்னடத்துக்கும் வந்தது. பிணத்தை எரிக்கக் கூடாது என்ற தடை 1963-இல் தளர்ந்தது. ஆனால் அப்பமும் இரசமும் இயேசுவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்ற நம்பிக்கையில் கடுகளவும் மாற்றமில்லை. பட்டினியின் நேரம் குறைந்தது, எதற்காகப் பட்டினியோ அது குறையவில்லை.

எங்களுக்கு இது புதிதல்ல. கி.பி. 959-இல் ‘யசஸ்திலக சம்பு’ எழுதிய சோமதேவ சூரி, நற்காட்சிக்கு ஊனமும் விரதத்துக்குக் குற்றமும் நேராதவரை உலக வழக்கு எதுவானாலும் ஜைனருக்கு ஏற்புடையதே என்று கருத்துரைத்தார். வேற்றுச் சமயத்தார் நடுவே வாழ்ந்த சிறுபான்மையின் விவேகம் அது. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கும் புரியக்கூடியதே.

ஆனால் எது விசுவாசம், எது வழக்கம் என்று பிரிப்பவர் யார்? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் குலத்தின் அடையாளங்கள், சமயத்தின் அடையாளங்கள் அல்ல என்று வாதாடினார். 1623-இல் போப்பாண்டவர் அதை ஏற்றார். நம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1640-களின் இறுதியில் மைசூர் மிஷனைத் தொடங்கிய சின்னமி பாதிரியாரும் நொபிலி வழியில் சந்நியாசிக் கோலம் பூண்டவரே. பிறகு காற்று திசை மாறியது. 1704-இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன் ஒரு கட்டளை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடக் கூடாது என்று அதில் பல விதிகள். எச்சில் என்றால் நம்மவர் முகம் சுளிப்பது அவருக்கு விளங்கவில்லை. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இந்தத் தடைகளை உறுதிசெய்தார். மிஷனரிகள் அதற்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் நீங்கியது 1940-இல்தான். 1969-இல் வந்த புதிய ஞானஸ்நான முறையில் உமிழ்நீரே இல்லை. அதே ஆண்டு இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை ஒப்புதல் தந்தது. கைகூப்பி வணங்கலாம், தரையில் அமரலாம், ஆரத்தி எடுக்கலாம், மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். டீச்சரம்மாவின் விளக்குக்கு அனுமதிச் சீட்டு இதுவே.

ஆக, இந்த எல்லைக்கோடு அதுவே நகர்ந்திருக்கிறது. அந்த இழுபறியின் நடுவில்தான் வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடினார். சூசையை ‘வளன்’ ஆக்கி, யூதேயா நாட்டைத் தமிழ் மருத நிலமாக்கி, எங்கள் சிந்தாமணி காட்டிய காப்பிய நெறியில் நடந்தார். ஆனால் ‘வேத விளக்கம்’ எழுதி லூத்தர் வழியினரோடு மோதிய அதே மனிதர், கொள்கையில் ஒரு நூலிழையும் விட்டுக்கொடுக்கவில்லை. டீச்சரின் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நொபிலியிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பூணூலையும் சந்தனத்தையும் வழக்கம் என்று அவர் ஒதுக்கியது சரி. அதே கணக்கில் சாதியையும் சேர்த்து எழுதிவிட்டார். மதுரையில் ஏற்கெனவே இருந்த பாதிரியாரோடு ஊர் பார்க்கப் பழகுவதை நிறுத்தினார். தனிக் கோயில் கட்டினார். பின்னால் உயர் சாதிக்குச் சந்நியாசிகள், மற்றவர்க்குப் பண்டாரசாமிகள் என்று ஆளே பிரிந்தார்கள். தூர்னோனைக் குறுகிய மனத்தவர் என்று நம் தமிழறிஞர்கள் திட்டுவார்கள். ஆனால் பறையர் வீட்டு நோயாளியிடம் குருக்கள் நேரில் போக வேண்டும் என்று வற்புறுத்தியதும் அதே 1704 கட்டளைதான். எச்சில் விஷயத்தில் தவறியவர் இதில் சரியாக நின்றார்.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில், வெள்ளாளருக்கு ஒரு கை, நாடார் முதலானோருக்கு ஒரு கை என்று பிரிந்தே எழுந்தது. ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவே தடுப்பு. அத்தடுப்பு 1910-இல் இடிந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தடுப்பு வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள். ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஒன்று என்பது மாறாத விசுவாசம் அல்லவா? அப்படியானால் அந்தச் சுவர் அத்தனை காலம் வழக்கம் என்ற பெயரில் நின்றது எப்படி? ‘வழக்கம்தானே’ என்ற சொல் சில நேரம் விவேகம், சில நேரம் கோழைத்தனம்.

இதை எழுத எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கன்னட நாட்டுச் சூழலில் எழுந்த ஆதிபுராணத்தில் ஜினசேனர், ரிஷபதேவரே வருணம் வகுத்ததாகப் பாடினார். வழக்கத்தை இவர் சமயத்துக்குள்ளேயே ஏற்றிவிட்டார். பிறப்பால் உயர்வு தாழ்வு எங்கள் அறத்தில் இல்லை என்று மேடையில் பேசும் நாங்கள், சம்பந்தம் பேசும்போது எப்படிப் பேசுகிறோம் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

கடைசியாக, எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கே தெரியாத ஒன்று. 1802-இல் உரோமைச் சுரங்கக் கல்லறையில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு புகழ்பெற்றவர் பிலோமினா. மைசூர் மன்னரின் ஹுஜூர் செயலாளர் தம்பு செட்டியார் முயற்சியால் அவருடைய திருப்பண்டம் இந்த ஊருக்கு வந்தது. 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார், கோபுரம் எழுந்தது. 1961-இல் உரோமை அவர் பெயரை வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கிவிட்டது. தனிப்பட்ட பக்தியைத் தடுக்கவில்லை.

இதைப் படித்த புதிதில், டீச்சரின் மாமியார் ஒரு நாள் கடைப் பக்கம் வந்தபோது வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். “பாட்டி, பிலோமினாம்மா பேரை அங்கே எடுத்துட்டாங்களாமே?”

“எடுத்தா எடுத்துக்கட்டும் நயினாரே. என் மூத்தவன் பிழைச்சது இவகிட்ட வேண்டிக்கிட்டுத்தான். அவ இங்கதானே இருக்கா” என்றவர், பையிலிருந்த மெழுகுவத்திக் கட்டைக் காட்டிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார். குத்துவிளக்கை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.