விருதுப் பத்திரத்தில் இல்லாத எழுவாய்

உள்ளாட்சிகளுக்குத் தரப்படும் விருதுகளை நாம் செய்தியாகக் கடந்துவிடுகிறோம். மேடை, சால்வை, கேடயம், மறுநாள் நாளிதழில் ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் அரசு எதை வேலையாகக் கணக்கிடுகிறது, யாருடைய வேலையைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது என்பதை விருதைப் போல வெளிப்படையாகச் சொல்லும் பிரதி வேறில்லை. கதையையும் கவிதையையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கும் நாம் இதையும் வாசிக்கலாம். நான் எடுத்துக்கொள்வது நிர்மல் கிராம விருது.

முழுச் சுகாதார இயக்கத்தின் பகுதியாக 2003இல் ஒன்றிய அரசு இதை அறிவித்தது. வீடுகளிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கழிப்பறை இருக்க வேண்டும். ஊரில் யாரும் திறந்தவெளிக்குப் போகக் கூடாது. இதை எட்டிய ஊராட்சிக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை பரிசு. 2005இல் முதன்முறையாக 40 ஊராட்சிகள் பெற்றன. தமிழக ஊராட்சிகளும் அவற்றில் இருந்தன. சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது.

நிர்மலம் என்றால் மலமற்றது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களும் அற்றவன் என்பதால் இறைவனுக்கு நின்மலன் என்று பெயர் வந்ததைச் சைவ சித்தாந்தம் படித்த மாணவிகள் அறிவார்கள். அன்றாடத் தமிழில் மலம் ஒன்றுதான். விருதும் அந்த ஒன்றை மட்டுமே பார்த்தது. ஊரின் ஆணவ மலமாகிய சாதியை அளக்க அதனிடம் அளவுகோல் இல்லை.

கழிப்பறை வேண்டாம் என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். இருட்டுவதற்காகக் காத்திருந்தது, பகலில் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தது, மாதவிடாய் நாட்களில் மறைவிடம் தேடி அலைந்தது எல்லாம் நம் உடல்கள் பட்ட பாடு. ஆனால் இந்த உடல் தேவை அரசின் பிரச்சார மொழிக்குள் நுழைந்ததும் ‘மானம்’ என்று பெயர் மாறிக்கொண்டது. ஹரியானாவில் 2005இல் தொடங்கிய இயக்கம், கழிப்பறை இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்காதே என்றது. அவளுக்கு வலிக்கிறது என்பதைவிட, அவள் பிறர் கண்ணில் படுகிறாள் என்பதே பெரிய காரணமாயிற்று. வலியைப் போக்கத் தண்ணீரும் பராமரிப்பும் வேண்டும். மானத்தைக் காக்க நான்கு சுவர்கள் போதும். அரசு சுவர்களை எண்ணியது.

ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீர் வேண்டும். குழாய் வராத வீட்டில் அதைச் சுமப்பது யார்? குடிக்கவும் சமைக்கவும் எடுத்த குடங்களோடு மேலும் சில குடங்கள் அவள் இடுப்பில் ஏறின. தேய்த்துக் கழுவுவதும் அவள் பங்கே. குழி நிறைந்தால் அள்ள யாரைத் தேடிப் போவார்கள் என்பதும் ஊர் அறிந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. ஆனாலும் எத்தனை கழிப்பறைகள் என்ற கேள்விக்குக் கிடைத்த முக்கியத்துவம், குழி நிறைந்தபின் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை.

சாதனை அறிக்கைகளின் வாக்கியங்களைக் கவனியுங்கள். கழிப்பறைகள் ‘கட்டப்பட்டன’, சுகாதாரம் ‘பேணப்படுகிறது’. செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்துவிடுகிறது. பேணியவள் யார் என்று எழுதினால் அவளுக்குக் கூலி என்ன என்ற கேள்வியும் கூடவே வரும். எழுவாய் வெளிப்படையாகத் தோன்றும் ஒரே இடம் மேடை. அங்கே தலைவரும் அதிகாரியும் நிற்கிறார்கள்.

மறைக்கப்பட்ட உழைப்பு விருதையே பொய்யாக்கியது. விருது பெற்ற 162 ஊராட்சிகளில் யூனிசெஃப் 2008இல் செய்வித்த ஆய்வில், திறந்தவெளியை முற்றிலும் கைவிட்டிருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

எண்ணிக்கை மொழி அதன்பிறகும் மாறவில்லை. 2019 செப்டம்பர் 24 அன்று, தூய்மை இந்தியா திட்டத்துக்காகப் பிரதமருக்கு கேட்ஸ் அறக்கட்டளை நியூயார்க்கில் விருது வழங்கியது. மறுநாள் காலை, மத்தியப் பிரதேசத்தின் பாவ்கேடி கிராமத்தில், வெளியே மலம் கழித்ததற்காக ஒரு தலித் சிறுமியும் சிறுவனும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். திறந்தவெளி மலம் கழித்தல் அற்றது என்று அறிவிக்கப்பட்டிருந்த கிராமம் அது. அந்தக் குழந்தைகளின் வீட்டில் கழிப்பறை இல்லை. ஊரின் கணக்கில் அந்த வீடு வரவில்லை. ஊரின் தண்டனையில் மட்டும் வந்தது.

விருதுகளே கூடாது என்பது என் வாதமன்று. நாற்காலியில் உட்காரவே விடப்படாத பெண் தலைவர்கள் இருக்கும் நாட்டில் ஒரு கேடயம் அவர்களுக்குப் பலம் தரக்கூடும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. தேசிய ஊராட்சி விருதுகள் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பது கருப்பொருள்களில் திருத்தியமைக்கப்பட்டன. ‘பெண்களுக்கு உகந்த ஊராட்சி’ அவற்றில் ஒன்று. நல்ல பெயர்தான். நிர்மலம் என்பதும் நல்ல பெயராகவே இருந்தது.

அந்தப் பெயருக்கு ஓர் ஊராட்சி தகுதியானதா என்பதை அறியச் சில கேள்விகள் போதும். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பெண் எவ்வளவு தூரம் நடக்கிறாள்? தெருவைக் கூட்டும் தூய்மைக் காவலருக்கு மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா? தலைவர் நாற்காலியில் அமர்வது தலைவர்தானா, அவர் கணவரா? சேரியின் கடைசி வீட்டில் தண்ணீர் வரும் கழிப்பறை உண்டா? பரிசு வாங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, தலைவர் உடனில்லாத நேரத்தில், யாராவது வந்து அந்த வீட்டுப் பெண்ணிடம் பேசினார்களா?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எந்தப் பெண்ணும் அங்கே எழுந்து கேட்கலாம். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது, வேலையைச் செய்தவரின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.