அலமாரிக்குள் நிற்பவன்: 'ப்ளூ வெல்வெட்'டை முன்வைத்து

டேவிட் லிஞ்ச்சின் 'ப்ளூ வெல்வெட்' (1986) பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் இரண்டு கட்சிதான். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் முகமூடியைக் கிழித்த படம் என்பார் ஒருவர். பெண்ணை அடித்துக் காசு பார்க்கிற படம், இதில என்ன கலை வேண்டிக்கிடக்கு என்பார் இன்னொருவர். படம் வந்தபோது விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். இஸபெல்லா ரோஸலினியை இவ்வளவு அவமதிப்புக்கு உள்ளாக்கிவிட்டு இயக்குநர் கிண்டலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. அதே படத்துக்காக லிஞ்ச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார்.

முகமூடி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வெள்ளை வேலி, சிவப்பு ரோஜா, கையசைத்துப் போகும் தீயணைப்பு வண்டிக்காரர். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் அப்பா சுருண்டு விழுகிறார். காமிரா புல்லுக்குள் இறங்கினால் வண்டுகள் குதறிக்கொள்கின்றன. ரீகன் காலத்து 'சந்தோஷச் சிற்றூர்' கதையாடலுக்கு இது பதிலடி, சரி. ஆனால் மேலே சுத்தம், கீழே அழுக்கு என்பதும் பழைய இருமைதானே. கெட்டவன் ஃபிராங்க் செத்ததும் ஊர் சுத்தமாகிவிடுகிறது. போலீஸ்காரன் ஒருத்தன் கூட்டுக் களவாணி என்பதைத் தாண்டி ஊரின் அதிகாரம் பற்றிப் படம் வாய் திறப்பதில்லை.

படத்தின் கனம் அலமாரியில் இருக்கிறது. ஜெஃப்ரி என்கிற 'நல்ல பையன்' பாடகி டோரதியின் அலமாரிக்குள் ஒளிந்து பார்க்கிறான். டோரதி கத்தியோடு கதவைத் திறந்து அவனை உடை களையச் சொல்கிறாள். பார்த்தவன் ஒருகணம் பார்க்கப்படுபவன் ஆகிறான். ஃபிராங்க் வந்ததும் மறுபடி அலமாரி. அவன் அவளை வதைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், தடுக்கவில்லை. சினிமாவில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்று லாரா மல்வி 1975இல் எழுதினார். லிஞ்ச் அந்தப் பார்வையைக் கதவு இடுக்கோடு சேர்த்தே காட்டுகிறார். பின்னால் ஜெஃப்ரியும் அவளை அடிக்கிறான். நீயும் என்னைப் போலத்தான் என்று ஃபிராங்க் சொல்வது டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற நமக்கும் சேர்த்துத்தான்.

அப்படியும் ஈபர்ட்டின் கேள்வி தீரவில்லை. பார்ப்பவனின் குற்றத்தைக் காட்ட அவள் உடம்பு ஏன் செலவாக வேண்டும்? ரோஸலினி இதைத் தெரிந்தே ஏற்ற வேடம் என்றார். காயங்களோடு நிர்வாணமாக டோரதி வெளியே வரும் காட்சியில், 1972 வியட்நாம் புகைப்படத்தில் நேபாம் தீக்காயத்தோடு கைகளை விரித்து ஓடிவரும் சிறுமியை மனதில் வைத்து நடித்ததாகவும் சொன்னார். அங்கே யாருக்கும் கிளர்ச்சி வராது, கூசும். படத்தின் ஆகப் பெரிய அரசியல் வாக்கியம் நடிகை தன் உடம்பால் எழுதியது. 'இயக்குநரின் படம்' என்று பேசும்போது நாம் அழிப்பது அதைத்தான்.

2025 ஜனவரியில் லிஞ்ச் இறந்தார். அஞ்சலிகளில் 'மேதை' என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. மேதை என்றுவிட்டால் கேள்வி கேட்க வேண்டாம். ஆபாசம் என்றுவிட்டால் படமே பார்க்க வேண்டாம். இரண்டுமே அலமாரிக் கதவைச் சாத்திக்கொள்வதுதான்.