திரும்பிப் பார்த்தானா?

வேளச்சேரியில் எங்கள் தெருவில் வாழும் முதிய அம்மையார் ஒருவரின் கழுத்துச் சங்கிலியைச் சில ஆண்டுகளுக்கு முன் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பறித்துச் சென்றான். சிறுவன் பிடிபட்டான், அறுந்த சங்கிலியும் மீண்டது. சாட்சி சொல்லச் சென்ற அம்மையாரிடம் நாளும் நேரமும் கேட்டார்கள். சங்கிலியின் எடையைக் கேட்டார்கள். அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கோ அங்கே இடமில்லை: "நான் கீழே விழுந்தபோது அவன் திரும்பிப் பார்த்தானா?"

ஹோவர்ட் ஸேர் எழுதி 1990-இல் வெளிவந்த 'சேஞ்சிங் லென்ஸஸ்' என்னும் நூலைப் படித்தபோது அக்கேள்வியே நினைவில் எழுந்தது. நூலாசிரியர் மென்னோனைட் சபையைச் சார்ந்தவர். புகைப்படக் கலை பயின்றவர். வில்லை மாறினால் காட்சியும் மாறும் என்பதை நீதிக்கும் பொருத்திக் காட்டுகிறார். எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்று கேட்பது நாம் பழகிய பார்வை. காயமுற்றவர் யார், அவருடைய தேவை என்ன, அதனை நிறைவேற்றும் கடமை யாருடையது என்று கேட்பது அவர் முன்வைக்கும் பார்வை. இதுவே மறுசீரமைப்பு நீதி.

நூலில் இடம்பெறும் எல்மிரா நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. 1974-இல் கனடாவின் அவ்வூரில் இளைஞர் இருவர் ஓர் இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை நீதிபதி ஏற்க, அவ்விருவரும் வீடு வீடாகச் சென்று பாதிக்கப்பட்டோரை நேரில் சந்தித்தனர். சில மாதங்களில் இழப்பீட்டையும் செலுத்தினர். களவாடியதைத் திருப்பித் தராத மனத்துயர் முழுமையடையாது என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் கற்ற நமக்கு இது புதிதன்று.

எனினும் 'சமூகம்' என்ற சொல்லை நூலாசிரியர் மிக எளிதாக நம்பிவிடுகிறார். நம் ஊரில் வட்டமாக அமர்வது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கட்டப் பஞ்சாயத்து. வேளச்சேரியில் சொந்த வீடு உடையவரும், பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து வரும் சிறுவனின் தாயும் ஒரே பாயில் அமர்ந்தாலும் சமமாகப் பேசிவிட முடியுமா? சிறுவன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். காயமுற்றவர் தாமாக இசைய வேண்டும். இருவரையும் தனித்தனியே ஆயத்தப்படுத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். சட்டத்தின் காவலும் வேண்டும். இவையின்றிக் கூடும் வட்டம் வலியவரின் மன்றமாகவே முடியும். மறுசீரமைப்பு நீதிக்கும் தண்டனை நீதிக்கும் இடையே தாம் முன்பு வரைந்த கோடு மிகக் கூர்மையானது என்பதை ஆசிரியரே 2002-இல் எழுதிய சிறுநூலில் ஒப்புக்கொண்டார். மன்னிப்பு இந்நெறியின் முதன்மை நோக்கமன்று என்றும் தெளிவுபடுத்தினார்.

இளையோரைத் தனியே விசாரிக்க 1920-இலேயே சிறுவர் சட்டம் கண்டது சென்னை மாகாணம். இன்றுள்ள 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி எனப் பல வழிகளைத் தருகிறது. ஆனால் அப்பிரிவில் காயமுற்றவருக்கென ஓர் இருக்கை இல்லை. அதைப் போடுவதே அடுத்த பணி.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. 1995-இல் மத்தியப் பிரதேசத்தில் கொலையுண்ட அருட்சகோதரி ராணி மரியாவை நாம் அறிவோம். 2017-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அவரைக் குத்திய சமந்தர் சிங் என்ற இளைஞருக்கு, அவருடைய தங்கை அருட்சகோதரி செல்மி 2002-இல் சிறையில் ராக்கி கட்டினார். அந்த மன்னிப்பைப் போற்றுகிறோம். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் கடந்தன என்பதையும், ஒரு குரு சிறைக்குச் சென்று வழி ஆயத்தம் செய்தார் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் தெரு அம்மையாரிடம் பங்கு மக்கள் பலர், "அந்தப் பையனை மன்னித்துவிட்டீர்களா அம்மா?" என்று கேட்டனர், நானும் கேட்டேன். அவனிடம் என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.