தசைநாரும் திருப்புத்திறனும்: உயிரி இயக்கவியல் கலைச்சொற்கள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1823இல் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியே இன்றைய ஜிப்மர். இந்நகரில் இயன்முறை மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. நோயாளியுடனான உரையாடலோ பெரும்பாலும் தமிழில் நிகழ்கிறது. எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின்மீது செயற்படும் விசைகளை ஆராயும் உயிரி இயக்கவியல், இம்மருத்துவத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அதற்கு வழங்கும் தமிழ்ச் சொற்கள் கருத்தைச் சரியாகச் சுட்டுகின்றனவா என மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மரபுகள்

தமிழில் உடற்கூற்றியல் சொல்லாக்கத்திற்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. அவருடைய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. இயக்கவியல் சொற்களோ பள்ளி இயற்பியல் பாடநூல்களின் வழி நிலைபெற்றன. உறுப்பின் பெயரும் விசையின் பெயரும் தனித்தனியே வளர்ந்தமையால், இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேரும்போது சிக்கல் எழுகிறது.

தசைநார்

தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார் என்பது பாடநூல் வழக்கு. பின்னதில் தசை இல்லை. அது தசைபோலச் சுருங்கி இயங்குவதும் இல்லை. முழங்காலில் அது அறுந்த ஒருவர், பயிற்சியால் அதனையே மீட்டுவிடலாம் என எண்ண இப்பெயர் இடமளிக்கிறது. உண்மையில் பயிற்சி, மூட்டைச் சூழ்ந்த தசைகளை வலுப்படுத்தி, இழந்த உறுதியை ஓரளவு ஈடுசெய்கிறது. ‘பிணைநார்’ என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

திருப்புத்திறன்

விசையையும், சுழல் அச்சிலிருந்து அவ்விசையின் செயற்கோட்டுக்குள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கக் கிடைப்பது திருப்புத்திறன். ஆனால் ‘திறன்’ எனத் தனித்து வரும்போது அது வேலை செய்யப்படும் வீதத்தைக் குறிக்கிறது. நடை ஆய்வில் ஒரே மூட்டுக்கு இவ்விரண்டும் கணக்கிடப்படுவதால் கற்பவர் குழம்புகிறார். ‘முறுக்குவிசை’ எனினும், விசையல்லாத ஒன்றை விசையென்றே அழைத்தவராவோம்.

இக்கருத்து தெளிவுறாதபோது இழப்பு நோயாளிக்கே. வலப்பக்க இடுப்பு மூட்டில் வலியுள்ளவர் கைத்தடியை இடக்கையில் பிடிக்க வேண்டும் என்றால் வியப்படைவார். வலக்காலில் மட்டும் ஊன்றும்போது உடலெடை இடுப்பை இடப்புறம் சாய்க்க முயல்கிறது. மூட்டுக்கு அருகிலிருந்து இழுக்கும் தசைகள் அதைத் தடுக்க உடலெடையினும் மிகுந்த விசையைத் தர வேண்டியுள்ளது; அதன் அழுத்தத்தையும் மூட்டே தாங்குகிறது. இடக்கைத் தடியோ தொலைவிலிருந்து தாங்குவதால், சிறுவிசையே பெரும்பயன் தருகிறது. கிணற்று ஏற்றத்தைக் கையாண்ட மக்களின் மொழியில் இதை விளக்குதல் அரிதன்று.

முடிவுரை

பாடநூல்களில் வேரூன்றிய சொற்களை மாற்றுவது புதிய குழப்பத்தை விளைவிக்கும் என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே ‘திருப்புத்திறன்’ போன்றவற்றை விளக்கக் குறிப்புடன் தொடரலாம். உறுப்பின் இயல்பையே திரித்துக் காட்டும் ‘தசைநார்’ போன்றவற்றை மாற்றியாக வேண்டும். ஒரு கலைச்சொல்லின் தகுதியைச் சொற்பட்டியலில் மட்டுமன்றி, மருத்துவர் நோயாளியிடம் கூறும் வாக்கியத்திலும் வைத்துச் சோதித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் முடிவாகும்.